முன்கூட்டிச் சொன்ன சாட்சி

நேசமணிக்கு ஒரு பெருமை உண்டு. நடந்த பிறகு நன்றி சொல்வதை ஊரில் யார் வேண்டுமானாலும் செய்வார்கள், நடப்பதற்கு முன்னாலேயே நன்றி சொன்னால்தான் அது விசுவாசம் என்பாள். ஆண்டர்சன்பேட்டையில் அவள் போகிற சபையில் இரண்டாவது பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். ஆண்டவர் தனக்கு என்ன செய்தாரோ அதை எழுந்து வந்து மைக்கில் சொல்லலாம். மற்றவர்களெல்லாம் காய்ச்சல் இறங்கிய பிறகு, பிள்ளை பாஸான பிறகு வந்து சொல்வார்கள். நேசமணி அப்படி இல்லை. காய்ச்சல் நூற்று மூன்றில் கொதிக்கும்போதே சுகம் கொடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுப் போய் உட்காருவாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அது பலித்தும் இருக்கிறது. வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னார், இவள் சாட்சி சொன்னாள், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தது. மகள் ஈவ்லினுக்கு வேலை கிடைத்துவிட்டதாக ஈஸ்டர் அன்று சாட்சி சொன்னாள். ஜூன் மாதம் வொயிட்ஃபீல்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை கிடைத்தது. பலிக்காததும் நிறைய இருந்தது. அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? அவளே வைத்துக்கொள்ளவில்லை. விசுவாசம் வேண்டுமானால் நேசமணியம்மாவைப் பாருங்கள் என்று பாஸ்டர் வால்டர் ஒருமுறை பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

பாவம், அவளுக்கும் வேறு என்ன இருந்தது? தங்கச் சுரங்கத்தை மூடி நான்காவது வருஷம் புருஷன் இருமியே செத்துப்போனான். ஸ்கெலட்டன் காலனியில் சுரங்கக் கம்பெனி கட்டிக் கொடுத்த, தகரம் போட்ட லைன் வீடு ஒன்று, பன்னிரண்டு வயசுப் பெண் ஒன்று. ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து, ஊரான் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு, அந்தப் பெண்ணை பி.காம். வரை படிக்க வைத்தாள். அத்தனை வருஷமும் காலையில் எழுந்து நிற்க வைத்தது அந்த ஸ்தோத்திரம்தான். அதில் குறை சொல்ல யாருக்கும் வாய் கிடையாது.

குறை வந்தது மருமகனால். திலீப் வெல்டர், கனரக வண்டிகள் செய்யும் ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை. நன்றாகச் சம்பாதிப்பான், நன்றாகப் பேசுவான், குடித்தால் கை நீளும். கல்யாணமான எட்டு வருஷத்தில் ஈவ்லின் மூன்று தடவை அம்மா வீட்டுக்கு வந்தாள், மூன்று தடவையும் அம்மா சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினாள். நாலாவது தடவை போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தபோது ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. கூடவே ஆறு வயசு மகள் பியாட்ரிஸ். இந்தத் தடவை ஈவ்லின் அழவில்லை. யாரோ ஒரு வக்கீலம்மாவிடம் பேசிவிட்டதாகவும், ஜனவரி முதல் திங்கட்கிழமை கோலார் கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள்.

நேசமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோர்ட்டா? நம் குடும்பத்திலா? மூன்று நாள் உபவாசம் இருந்தாள், தண்ணீர் மட்டும்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் மனசுக்குள் ஒரு சமாதானம் வந்து இறங்கியது. ஆண்டவர் பதில் கொடுத்துவிட்டார் என்று தெரிந்துகொண்டாள்.

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை. சபையில் பெண்கள் பக்கம் அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வீக்கம் வற்றி மஞ்சள் பூத்திருந்த கன்னத்தில் ஈவ்லின் பவுடர் அப்பியிருந்தாள். சாட்சி நேரம் வந்தது. நேசமணி எழுந்தாள். புடவைத் தலைப்பைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள். மகள்தான். உணர்ச்சிவசப்பட்டு இழுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, மெல்ல விடுவித்துக்கொண்டு மைக்குக்குப் போனாள்.

என் மருமகனைக் குடியிலிருந்து விடுதலையாக்கின தேவனுக்கு ஸ்தோத்திரம், பிரிந்த குடும்பத்தை ஒன்றாக்கினவருக்கு ஸ்தோத்திரம், இனி அந்த வீட்டில் கண்ணீர் இல்லை என்றாள். தகரக் கூரை அதிரும்படி கை தட்டினார்கள். அந்த நேரத்தில் விடுதலையான மருமகன் ராபர்ட்சன்பேட்டையில் எந்தக் கடையில் உட்கார்ந்திருந்தான் என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

கை தட்டினால் முடிந்துபோகுமா? ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் வால்டர் நேராகத் திலீப்பைப் பார்க்கப் போனார். உன் மாமியார் உனக்காகச் சாட்சி சொல்லிவிட்டார்கள் தம்பி, அதைக் காப்பாற்றுவது உன் பொறுப்பு என்றாராம். அடுத்த ஞாயிறு திலீப் வெள்ளைச் சட்டையில் வந்து முன்னால் முழங்கால் போட்டு, தோள் குலுங்க அழுதான். அத்தனையும் நடிப்பு என்று சொல்லிவிட முடியாது. அவன் அழுததும் நிஜம்தான், நாற்பது நாள் பாட்டிலைத் தொடாமல் இருந்ததும் நிஜம்தான். சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. கோலார் வக்கீலம்மா சாட்சிக்கு மறுநாள் திங்கட்கிழமையே காத்திருந்து பார்த்துவிட்டு ஃபோன் பண்ணியிருந்தாள், ஈவ்லின் எடுக்கவில்லை. பெட்டியோடும் பிள்ளையோடும் ஆண்டர்சன்பேட்டையில் இருந்த புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போனாள். போகும்போது அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணுக்குப் பேச்சு வரவில்லை, அவ்வளவு சந்தோஷம் என்று நேசமணி நினைத்தாள்.

ஈஸ்டரிலிருந்து திலீப் சபையில் ரிதம் பேட் வாசிக்க ஆரம்பித்தான். கையில் நல்ல தாளம். குடித்துக்கொண்டிருந்த கை இன்று தேவனுக்கு வாசிக்கிறது பாருங்கள் என்று பாஸ்டர் வெளியூர் ஊழியர்களுக்குக் காட்டுவார். நேசமணி நாலு பேர் பார்க்கும்படி தலைமுக்காட்டைச் சரிசெய்துகொள்வாள்.

சாட்சி சொல்லி எட்டு மாதம் போயிற்று. செப்டம்பர் முதல் சனிக்கிழமை. ஆண்டர்சன்பேட்டை பஜாரில் நேசமணி அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். ராதா. ஈவ்லினோடு தினமும் காலை ரயிலில் ஒரே பெட்டியில் பெங்களூர் போகிற பெண். இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா ஆன்ட்டி, எழுந்து நடமாட ஆரம்பிச்சிட்டீங்களா? பன்னெண்டு நாளா நீங்க படுத்த படுக்கைன்னு சொன்னாளே ஈவ்லின். உங்களப் பாத்துக்கத்தான் லீவுன்னா."

 ஆமாம், இப்போது பரவாயில்லை என்று நேசமணி ஏதோ சொல்லி வைத்தாள். அவரைக்காயைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு மகள் வீட்டுக்கு நடந்தாள். அவள் பொழுது விடிந்தால் பள்ளிக்கூடம் போகிறவள், ஒரு தும்மல்கூட வந்ததில்லை. மகளைப் பார்த்துத்தான் இரண்டு வாரம் ஆகிறது. போன ஞாயிறு ஏன் சபைக்கு வரவில்லை என்று மருமகனைக் கேட்டதற்கு, பாத்ரூமில் வழுக்கிவிட்டது அத்தை, லேசான அடிதான் என்றிருந்தான். போய்ப் பார்க்கிறேன் என்றதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஜெபம் பண்ணுங்கள் என்றான். அவளும் வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்துவிட்டாள்!

திலீப் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். கதவைத் திறந்த ஈவ்லினின் இடது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. மற்ற கையை முழுக்கைச் சட்டை மறைத்திருந்தது, செப்டம்பர் வெயிலில். நேசமணி அந்தக் கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளிப் பார்த்தாள். பழசு பச்சையாகவும் புதுசு கறுப்பாகவும் இருந்தது. பாத்ரூமில் ஒருத்தி இத்தனை தடவை வழுக்க முடியாது.

எப்போதிலிருந்து என்று கேட்டாள். மார்ச்சிலிருந்து என்றாள் மகள், ரயில் நேரம் சொல்கிற குரலில். முன்பு குடித்துவிட்டு அடிப்பான், இப்போது குடிக்காமலும் அடிக்கிறான். சபையில் பெயர் வந்துவிட்டதால் முகத்தில் அடிப்பதில்லை, துணி மறைக்கிற இடமாகப் பார்த்து அடிக்கிறான். நேசமணி மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள்.

"யாராண்ட சொல்றது மா? நீதான் சபைல நின்னு நடந்துடுச்சின்னு சொல்லிட்டியே. அப்பால நான் வந்து இல்லன்னா, எங்கம்மா ஆண்டவர் முன்னால பொய் சொன்னாங்கன்னு நானே சொன்ன மாதிரி ஆவாதா?"

ஜூன் மாதம் பாஸ்டரம்மாவிடம் மட்டும் ஒருமுறை வாயைத் திறந்து பார்த்தாளாம். அந்தம்மா தலையைத் தடவி, உங்கம்மா ஆண்டவரிடம் வாங்கி வைத்ததை நீ வாயால் தொலைத்துவிடாதே மகளே, இதெல்லாம் சத்துருவாகிய சாத்தானின் சோதனை என்று சொல்லி, எண்ணெய் பூசி அனுப்பினாளாம். அதோடு ஈவ்லின் விட்டுவிட்டாள்.

நேசமணி மகளின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். யார் யாரைத் தேற்ற வேண்டிய நேரம், பாருங்கள். ஈவ்லின் நல்லதாக இருந்த கையால் அம்மாவின் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். சும்மா இரு மா, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஒன்றும் பண்ணாதே, அவர் வரும் நேரம், கிளம்பு என்றாள். பொறுத்துப் பொறுத்துப் பெண்ணுக்கு எல்லாம் விட்டுப்போய்விட்டது, அதனால்தான் இப்படிப் பேசுகிறாள் என்று தாய் எடுத்துக்கொண்டாள். நீ எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரோடு சண்டைக்கு நின்றாள். உம்மை நம்பித்தானே சொன்னேன், என் வார்த்தையை இப்படித் தெருவில் விட்டுவிட்டீரே என்றாள். இந்த எட்டு மாதமும் ஒவ்வொரு நாளும் என் பெண்ணைக் கண்ணின் மணியாகக் காக்கிறீர் என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தாள், படுத்ததும் தூங்கினாள். நல்ல தூக்கத்துக்கும் சேர்த்து நன்றி சொன்னாள். அங்கே என் பிள்ளை அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது எனக்கெதற்கய்யா தூக்கம் கொடுத்தீர் என்று கேட்டாள்.  வெளியே பக்கத்து வீட்டு டீவியில் கன்னட சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

அழுது ஓய்ந்த பிறகு ஒரு யோசனை வந்தது. பெண்ணைப் பூட்டி வைத்திருப்பது என் சாட்சிதானே? எந்த வாயால் பூட்டினேனோ அந்த வாயாலேயே திறந்துவிடுகிறேன். நாளைக்கே சபையில் நின்று நான் சொன்னது நடக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஈவ்லினுக்குத் தடை ஏது? இப்படி முடிவு செய்ததும் மனசுக்குள் சமாதானம் வந்து இறங்கியது. ஜனவரியில் வந்ததும் இதே சமாதானம்தான் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனை, கூட்டம் அதிகம். திலீப் மேடையின் ஓரத்தில் ரிதம் பேடுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மாமியாரைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தான். பாட்டு முடிந்தது. நேசமணி எழுந்து நடந்தாள். அக்கா இன்றைக்கு என்ன சொல்லப்போகிறார்களோ என்று பெண்கள் பக்கத்தில் ஆசையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாஸ்டரே மைக்கை எடுத்துக் கொடுத்தார்.

"ஜனவரில என் மருமகன் திருந்திட்டார்னு சொன்னேன். அது நடக்கல. நடக்காததத்தான் நடந்துச்சின்னு சொன்னேன். என் பொண்ணோட கைய ஒடச்சிட்டாரு."

 அவள் மேலே சொல்ல வாயெடுத்தாள், மைக் கையில் இல்லை. பாஸ்டர் வால்டர் ரொம்ப மென்மையாக அதை வாங்கியிருந்தார். அவர் கோபப்படவில்லை, அதைத்தான் நேசமணியால் தாங்க முடியவில்லை. சத்துரு இந்தக் குடும்பத்தின் சாட்சியைத் திருடப் பார்க்கிறான், எல்லாரும் கைகளை உயர்த்துங்கள், நம் தாயாருக்காக ஜெபிப்போம் என்றார். கைகள் உயர்ந்தன. நூறு பேரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார்கள். நேசமணி கத்திப் பார்த்தாள், பொய் இல்லை, கை உடைந்திருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று. பக்கத்தில் நின்ற பெண்ணே கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பாஸ்டர் இசைக்காரர்களுக்குக் கை காட்டினார். திலீப் வாசித்தான். குனிந்த தலை நிமிராமல், தாளம் ஒரு இடத்திலும் தப்பாமல் வாசித்தான். அவள் வாய் அசைவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை.

யாரோ தோளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்கள், உதறிவிட்டு வெளியே வந்தாள். செருப்பைக்கூடத் தேடிப் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே ஒரு வெற்றி இருந்தது. சொல்லிவிட்டேன். அவர்கள் கேட்டார்களோ இல்லையோ, சொல்லிவிட்டேன். ஆட்டோவை நிறுத்தி ஏறி மகள் வீட்டுக்கு விரைந்தாள்.

ஈவ்லின் அடுப்பில் சோறு வைத்திருந்தாள். பியாட்ரிஸ் தரையில் உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள். நேசமணி மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணு, இனிமேல் உனக்குப் பயமில்லை, எனக்காக நீ ஒன்றையும் மூடி மறைக்க வேண்டாம், சபையிலேயே உடைத்துச் சொல்லிவிட்டேன், வா நம் வீட்டுக்குப் போகலாம் என்றாள். மகள் வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்றுதான் எதிர்பார்த்தாள். பொய் சொல்வானேன்.

ஈவ்லின் கேஸை அணைத்தாள். அவர் இருந்தாரா என்று கேட்டாள். இருந்தான். முழுக்கக் கேட்டாரா என்று கேட்டாள். கேட்டான். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால். திருவிருந்து முடிய எத்தனை மணியாகும் என்று கேட்டாள். பன்னிரண்டு மணியாவது ஆகும் என்றாள் நேசமணி, எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமல்.

"புதன்கிழமை அவர் கம்பெனி வேலையா ஹைதராபாத் போறார் மா. நாலு நாள். அன்னிக்குக் கெளம்பறதுக்கு எல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தேன். நேத்து சும்மா இருன்னு உங்கிட்ட எதுக்கு சொன்னேன்?"

ரெடி பண்ணி வைத்திருந்தது என்னவென்றால் இதுதான். வொயிட்ஃபீல்ட் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற சுமா என்ற பெண், தன் வீட்டு மாடியில் ஒரு ரூம் காலி செய்து வைத்திருந்தாள். பியாட்ரிஸுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடமும் கேட்டு வைத்திருந்தாள். இங்கே டீ.சி. செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஈவ்லினின் சர்டிஃபிகேட்டுகள், ஆதார், எல்லாம் திலீப்பின் பீரோவில் இருந்தன. வெளியூர் போகும்போது அவன் சாவியைச் சாமான் அறையில் வைத்துவிட்டுப் போவான், அதை எடுத்துக்கொள்வது என்று இருந்தாள். பிள்ளைக்குக்கூடச் சொல்லவில்லை. ஒரு மாதம் இதற்காகவே வாய் திறக்காமல் இருந்தாள். கை உடைந்த அன்றும் திறக்கவில்லை.

இப்போது சாவி அவன் பாக்கெட்டில், அவன் சபையில், வீட்டுக்கு வர ஒன்றே கால் மணி நேரம். நேசமணிக்கு மெதுவாகத்தான் புரிந்தது.  சுமாவிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லையே என்று முனகினாள். அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வியா அது? ஆனாலும் கேட்டுவிட்டாள்.

ஈவ்லின் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். ஒற்றைக் கையால் பியாட்ரிஸின் துணிகளைத் திணித்தபடியே பேசினாள். சத்தம் போடவில்லை.

"ஜனவரிலயும் என்னக் கேக்கல, இன்னிக்கும் கேக்கல. நான் ஒரு அடி தள்ளித்தானே மா உக்காந்திருந்தேன்? ஆண்டவர மூணு நாள் பட்டினி கெடந்து கேட்ட. என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

 ஜனவரியில் புடவைத் தலைப்பு இழுபட்டது நேசமணிக்கு ஞாபகம் வந்தது. பையை மகளிடமிருந்து வாங்கித் தானே அடுக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் வைக்கப் போனாள், அது வேண்டாம், இனி அந்தப் பள்ளிக்கூடமில்லை என்றாள் ஈவ்லின். ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, ஃபோன் சார்ஜர், பிள்ளையின் ஸ்வெட்டர். பீரோவின் முன் ஈவ்லின் ஒரு நிமிஷம் நின்றாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். விட்டுவிட்டாள்.

ஆட்டோவில் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். கோலார் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. முதலில் கோலார் பெரிய ஆஸ்பத்திரி, அங்கே கையைக் காட்டி அடித்தது யார் என்று எழுத வைக்க வேண்டும், பிறகு வக்கீலம்மாவைப் பார்க்க வேண்டும், ராத்திரிக்குள் சுமா வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஈவ்லின் மனசுக்குள் வரிசை வைத்திருந்தாள். பெண்களுக்கு இலவச டிக்கெட், கண்டக்டர் ஆதார் கேட்டான். ஃபோனில் இருந்த ஃபோட்டோவைக் காட்டிக் கன்னடத்தில் கெஞ்சினாள். அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

ஜன்னலோரம் பியாட்ரிஸ், நடுவில் ஈவ்லின், ஓரத்தில் நேசமணி. சுரங்கக் கழிவைக் கொட்டி வைத்த சைனைட் மேடு கடந்து, கடைசி லைன் வீடுகளும் கடந்தன. இரண்டு நாளைக்கு என் வீட்டில் இருந்துவிட்டுப் போயேன், இந்தக் கையோடு எப்படிச் சமைப்பாய் என்று நேசமணி தொடங்கினாள். ஈவ்லின் தலையை ஆட்டினாள்.

"உன் வூட்டுக்கு வர மாட்டேன் மா. அவர் வந்து அழுவாரு. பாஸ்டரக் கூட்டிகினு வருவாரு. நீ கதவத் தொறப்ப."

இல்லை என்று சொல்ல நேசமணி வாயெடுத்தாள்.  திறப்பாள் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. சுமா வீட்டு விலாசம் கேட்கலாமா என்று நினைத்தாள், அதையும் கேட்கவில்லை. எந்தத் தாய்க்கு மகளின் விலாசம் கேட்கப் பயம் வரும்? அவளுக்கு வந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகு ஈவ்லினே பேசினாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. அவளும் தினம் ரயிலில் ஜெபம் பண்ணிக்கொண்டுதான் போனாளாம். ஆண்டவரே, யாராவது ஒருத்தரை அனுப்பும், யாராக இருந்தாலும் சரி என்று. அப்புறம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், கன்னடத்துக்காரி, கோயிலுக்குப் போகிறவள், அந்த சுமா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கையில் என்ன என்று கேட்டாளாம். அனுப்பிவிட்டார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன் என்றாள். நேசமணி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆண்டவர் என் பெண்ணைக் காத்துத்தான் வந்திருக்கிறார், அவர் புதன்கிழமைக்கு வைத்திருந்ததை ஞாயிற்றுக்கிழமை போட்டு உடைத்தது நான்தான். 

கோலார் நெருங்கியபோது பயம் பிடித்துக்கொண்டது. அவன் பைக்கில் பின்னால் வருவானோ, ஆஸ்பத்திரியில் எழுத மாட்டேன் என்பார்களோ, பீரோவில் இருக்கிற காகிதங்கள் இல்லாமல் இவள் என்ன செய்வாளோ. பயம் வந்தால் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கண்ணை மூடினாள், உதடு தானாக அசைந்தது. எங்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவரே ஸ்தோத்திரம், எழுதுகிற டாக்டரின் மனசை இளக வைத்தவரே ஸ்தோத்திரம், என் பெண்ணுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தவரே…

ஈவ்லின் நல்ல கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள். கோபமாக இல்லை, காய்ச்சலில் பிதற்றுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவது போலத்தான். பஸ் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நிற்கும் வரை கையை எடுக்கவில்லை.

"இன்னும் ஒண்ணும் நடக்கல மா. உள்ள போனதும் நடக்கப் போறத நீ சொல்லாத. கேட்டா, நடந்தத மட்டும் சொல்லு."

நேசமணி பையைத் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு அவள் பின்னால் இறங்கினாள்.